ஐம்பத்தெட்டு கிலோ லோடு

"எத்தினி டன்னு ஏத்துவே சார்?"

கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை ஓரத்து ஸ்பிரிங் பட்டறையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. கேட்டவர் பட்டறை மேஸ்திரி. ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். எனக்குத் தெரிந்தது அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும். பாதங்களைப் பார்த்துப் பதில் சொல்வது எனக்குப் புதிதல்ல, கோயிலில் பழக்கம் உண்டு.

"ஐம்பத்தெட்டு கிலோ," என்றேன்.

உள்ளே சுத்தியல் நின்றது. பாதங்கள் நகர்ந்தன. முழு மனிதர் வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா லோடு அது?"

"என் சம்சாரம்."

அவர் என் ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நெடுஞ்சாலையைப் பார்த்தார். அந்தச் சாலையில் இரும்புச் சுருள் ஏற்றிய லாரியும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிய லாரியும் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. அவை இந்தப் பட்டறைக்கு வருவது ஒரே காரணத்துக்குத்தான்: இன்னும் ஒரு பட்டை போட. வண்டியின் அச்சுக்கு மேலே, வில்லாக வளைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் இரும்புத் தகடுகளைத்தான் பட்டை என்கிறோம். பட்டை கூடக் கூட வண்டி தாங்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவரை உதைக்கவும் செய்யும்.

"பட்டை போடறதுக்கு இல்லீங்க. எடுக்கறதுக்கு," என்றேன். "குலுக்கல் குறையணும்."

சலூனுக்கு வந்து முடியை ஒட்டிவிடச் சொல்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"முப்பது வருசமா பட்டறை வச்சினு இருக்கேன். எடுக்கச் சொல்லி ஒருத்தனும் வந்ததில்ல. குலுங்குதுன்னா லோடு பத்தலன்னு அர்த்தம். லோடு ஏத்து, கப்பல் மாதிரி போவும்." மறுபடி லாரிக்கு அடியில் படுத்தார். பேச்சு முடிந்ததைப் பாதங்கள் எனக்கு அறிவித்தன.

இந்த ஜீப் என்னிடம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்குமுன் பழவேற்காட்டுப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவரிடம் இருந்தது. காடு, மலை, பாலைவனம் என்று சுற்றி எழுதியவர்களைப் படித்துப் படித்துக் கெட்டுப்போனவன் நான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வாசலில் நின்றால் என்றாவது ஒருநாள் நானும் புறப்பட்டுவிடுவேன் என்று நம்பினேன். என் மனைவியின் ஊருக்குப் போகும் மணல் வழியை விட்டால், பன்னிரண்டு வருடத்தில் அது கடந்த கொடிய நிலப்பரப்பு, மழைக்காலத்தில் வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் வழி. அதைச் சாதாரணமாக நினைப்பவர்கள் ஒரு நவம்பரில் வந்து பார்க்கலாம்.

வேலை நாட்களில் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை, தரக்கட்டுப்பாடு. மயிரிழை பிசகின உதிரிபாகத்தையும் தூக்கி எறிவது என் உத்தியோகம். வீட்டில் ஓடுவதோ, நான் ஆய்வு செய்திருந்தால் வாசலுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன் என்கிற வண்டி. பத்துப் பன்னிரண்டு வருடம் என் மனைவி அதில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தாள். தேரைப் பற்றி எழுதாத புலவர் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவரின் இடுப்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் மட்டும் ஏன் யோசித்திருக்கப் போகிறேன்?

போன தை மாதம் அவள் கிரைண்டர் கல்லைத் தூக்கியபோது முதுகில் ஏதோ சுளீரென்றது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். மூன்று மாதம் படுக்கை, பெல்ட்டு, பயிற்சி. பிறகு மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். "வெளியூர் போலாமா டாக்டர்?" என்று கேட்டாள். "குலுங்காம போறதா இருந்தா போங்க," என்றார்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள் அவள். அவளுடைய ஒரே தம்பி பத்து வருடம் அடுத்தவர் படகில் போய், இப்போதுதான் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தான். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம்: புதுப் படகு முதன்முதலில் தண்ணீரைத் தொடும்போது, கூடப்பிறந்தவள் அதன் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைக்க வேண்டும். வேறு யாராவது உடைக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொன்னாலும் தம்பி கேட்கிற ஆள் இல்லை.

"நீ வராம எறக்க மாட்டேன்க்கா," என்றான் போனில்.

"டேய், நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியல. பொயப்பைப் பாருடா."

"அது கரையில கெடக்கட்டும். நான் அது பக்கத்துல கெடக்கறேன்."

பழவேற்காடு வரை தார் ரோடு, காரில் போய்விடலாம். அதற்கப்புறம் குப்பத்துக்கு நாலு கிலோமீட்டர் மணலும் சேறும். ஆட்டோ வராது. நடந்தால் மணலில் கால் புதைந்து இடுப்பை இழுக்கும். படகில் கூட்டிப்போகலாம் என்றால் ஏறவும் இறங்கவும் நாலு பேர் தூக்க வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவருகிறேன் என்றான் தம்பி. "என்னை இன்னா உற்சவ சாமின்னு நெனச்சியா?" என்று அவள் போனை வைத்துவிட்டாள். அந்த நாலு கிலோமீட்டரைக் கடக்கக்கூடிய ஒரே வாகனம் எங்கள் வாசலில் நின்றது. அது அவளை நடுவழியிலேயே மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியதாகவும் இருந்தது.

குப்பத்தில் தம்பியைக் கேலி செய்ய ஆரம்பித்திருந்தார்கள். "இன்னாபா, படகு வாங்கினியா, ஒக்கார பெஞ்சு வாங்கினியா?" இதை அவன் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி சொன்னாள். அன்று என் மனைவி சாப்பிடவில்லை.

ஆக, மேஸ்திரி சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். லோடு ஏற்றினால் குலுங்காது. வேப்பம்பட்டில் மணலுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு நாலு வீடு கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டி மீந்ததில் ஆறு மூட்டை கொடுத்தார். பின்பக்கம் அடுக்கிவிட்டு ஒரு சுற்று வந்தேன். ஆச்சரியம், வண்டி நிஜமாகவே அடங்கிவிட்டது. வேகத்தடைகளின்மேல் பெருமூச்சு விட்டு ஏறி இறங்கியது. முதலில் நான் மட்டும் பழவேற்காடு வரை போய்ச் சோதித்துவிடலாமென்று, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டேன்.

விடியற்காலையில், பழைய ஜீப்பில், ஆறு மூட்டை மணலோடு, ஆரணியாற்றுப் பாலத்தின் மேல். ஆற்று மணல் திருட்டுக்குப் போலீஸ் காத்திருக்கும் இந்த மாவட்டத்தில் பிறந்த சின்னக் குழந்தைகூட இதைச் செய்யாது.

பாலம் முடிந்த இடத்தில் போலீஸ் நிறுத்தியது. வயதான ஏட்டு ஒருவர்; கூட ஓர் இளைய காவலர்.

"மூட்டைல இன்னா?" என்றார் ஏட்டு.

"மணல் சார்."

"எம்-சாண்டா, ஆத்து மணலா?"

"ஆத்து மணல் சார். சுத்தமானது." இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"எங்க எடுத்தே?"

"பக்கத்து ஊட்ல."

"எங்க எறக்கப் போறே?"

"எங்கயும் எறக்கல சார். சும்மா வச்சினு சுத்துறேன்."

இளையவர் நோட்டை எடுத்தார். ஏட்டு அவரைக் கையால் நிறுத்தினார். இத்தனை மோசமான பொய்யை அவர் தம் பணிக்காலத்தில் கேட்டதில்லை போலும், ரசிக்க விரும்பினார்.

"எதுக்கு சுத்தறே?"

"குலுங்காம இருக்கறதுக்கு."

மனைவியின் முதுகு, தம்பியின் படகு, மேஸ்திரியின் பாதங்கள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. கடைசியில், "வேணும்னா நீங்களே ஒக்காந்து பாருங்க சார்," என்றேன்.

அவர் ஏறினார். வேகத்தடை வரை போய்த் திரும்பினோம். இறங்கி, மூட்டைகளை இறக்கி ஓரமாக வைக்கச் சொன்னார். நான் இறக்கி முடிக்கும்வரை பொறுமையாக நின்று, மறுபடி ஏறினார். அதே வேகத்தடை.

"யம்மாடி!" என்று இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்தார். "இதுலயா பொம்பளையை வச்சி பன்னெண்டு வருசம் ஓட்டினே? உன்னை மணலுக்குப் புடிக்கக் கூடாதுய்யா. இதுக்குப் புடிக்கணும்."

பிறகுதான் தெரிந்தது, அவர் ஸ்டேஷன் ஜீப்பை இருபது வருடம் ஓட்டியவர். முதுகைப் பற்றி அவருக்கும் சொந்தக் கருத்துகள் இருந்தன. குனிந்து லத்தியால் பட்டைகளைத் தட்டினார்.

"சத்தத்தைக் கேளு. டொக்கு டொக்குனுது. இது பட்டை இல்ல, ஒரே கட்டை. துரு ஏறி எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கினு இருக்குது. வில்லு வளையணும்னா ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கணும்ல? பிரிச்சு, தேச்சு, நடுவுல கிரீஸ் போடு. காத்து எத்தினி வச்சிருக்கே?"

"நாப்பத்தஞ்சு."

"யாரு வெச்சா?"

"ஹைவே பஞ்சர் கடையில."

"அவன் லாரிக்கு அடிக்கிற கையால அடிச்சிருக்கான். இருபத்தாறு வை. போ. மூட்டைய இங்கயே வுட்டுட்டுப் போ."

பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் மணல் எங்கே என்று கேட்டார். போலீஸிடம் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார்.

மனைவியிடம் சொன்னபோது, "சிரிக்க வைக்காதீங்க, இடுப்பு புடிக்குது," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாதக் கணக்கில் கேட்காத சத்தம் அது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போய்க் கேட்டா அந்த மேஸ்திரி எடுக்க மாட்டாரு. நான் வர்றேன்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வாடகைக் காரில் தார் ரோடு வழியாகவே பட்டறைக்கு வந்தாள். பின்னால் நான் ஜீப்பில், காற்று இருபத்தாறு வைத்துக்கொண்டு. காற்று குறைத்ததிலேயே கால்வாசி உதை குறைந்திருந்தது. பன்னிரண்டு வருடம் ஓசியில் கிடைக்கக் காத்திருந்த சுகம்.

மேஸ்திரி ஸ்டூல் போட்டார்.

"ஒக்கார முடியாதுண்ணே. நின்னுகினே பேசறேன்," என்றாள், கையை இடுப்பில் ஊன்றி. "இவரு ஐம்பத்தெட்டு கிலோன்னு சொன்னாராமே?"

"ஆமாம்மா."

"அது கல்யாணத்தப்போ. இப்ப அறுபத்தேழு. கணக்கைத் தப்பாப் போட்டுடாதீங்க."

மேஸ்திரி முதல் தடவையாகச் சிரித்தார். ஒன்பது கிலோ பிழை. தரக்கட்டுப்பாட்டில் இருபது வருடம் இருப்பவன் நான், சுவரில் தொங்கிய டயர் ட்யூபை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அவள் படகைப் பற்றிச் சொன்னாள். மெத்தை பிதுங்கியதை விட்டுவிட்டாள். படகை மட்டும் சொன்னாள்.

"எத்தினி நாளா கரையில நிக்குது?" என்றார்.

"நாலு வாரம் ஆச்சிண்ணே."

"இஞ்சினு மாட்டியாச்சா?"

"எல்லாம் ரெடி."

"ஓட வேண்டியதை நிறுத்தி வச்சா பாவம்மா," என்று எழுந்தார். லாரிக்காரர்களோடு முப்பது வருடம் இருந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வரிசையில் நின்ற லாரியின் டிரைவரிடம், "நாஷ்டா சாப்ட்டு வா, நேரமாவும்," என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்தார்.

பிரித்தபோது ஏட்டு சொன்னது அப்படியே இருந்தது. மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரும் உப்பும் உள்ளே இறங்கி, ஒன்பது பட்டையும் ஒன்றாகிப் போயிருந்தன. டீசல் ஊற்றி, ஊறவைத்து, உளி வைத்துத் தட்டித்தான் பிரிந்தன. உள்ளிருந்து மிளகாய்த்தூள் மாதிரி சிவப்புத் துரு கொட்டியது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெயே இல்லை. கையால் இழுத்தால் சைக்கிள் பம்பு மாதிரி வந்தது.

கீழிருந்த இரண்டு பட்டைகளைத் துணியால் துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓரத்தில் மூன்று புள்ளி குத்தியிருந்தது.

"இது நம்ம கை," என்றார். "பழவேற்காட்டு மீன்காரருக்குப் போட்டது. ஐஸ் லோடு தாங்கலன்னு வந்தாரு." வளைவைக் கட்டைவிரலால் தடவினார். "பாரு, ஒரு இழுப்பு இழுக்கல. போட்ட வில்லு போட்டபடி நிக்குது."

லோடு ஏற்றாத எங்கள் வண்டிக்கு அந்த இரண்டு பட்டைகள்தான் வேலைக்காகாதவை. தொழிற்சாலையில் என்றால் சிவப்பு அட்டை ஒட்டி அனுப்பியிருப்பேன்.

"நல்லாத்தாண்ணே செஞ்சிருக்கீங்க," என்றாள் அவள். "எனக்குத்தான் ஆவல."

"உனக்கு ஆவாதும்மா, உனக்கு ஆவாது," என்று இரண்டையும் சுவரோரம் சாய்த்துவைத்தார், விழாதபடி ஒரு கல்லை அண்டைகொடுத்து. மீதி ஏழையும் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகும்வரை தேய்த்து, நடுவில் கறுப்புக் கிரீஸ் பூசிக் கட்டினார். காய்ந்து கல்லாகியிருந்த ரப்பர் புஷ்களை எடுத்துப் புதியவை போட்டார். ஷாக் அப்சார்பர் நாலும் புதிது. சாயங்காலம் பம்பரைக் கையால் அழுத்தினேன். வண்டி அமுங்கியது, மெதுவாக எழுந்தது. பன்னிரண்டு வருடத்தில் அது எனக்கு இணங்கிப்போன முதல் சந்தர்ப்பம்.

மறுநாள் திருப்பாச்சூர் கோயில் வரை சோதனை ஓட்டம். அதற்கென்று ஒரு படிவம் தயாரித்திருந்தேன்: இடம், வேகம், வலி பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, குறிப்பு. அட்டையில் சொருகி, பேனாவோடு அவள் மடியில் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லாக் கட்டமும் காலி. குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் எழுதியிருந்தாள்: "வாயை மூடிக்கினு ஓட்டவும்." வழி நெடுக நான் நாற்பது தடவை "வலிக்குதா?" என்று கேட்டிருந்தேனாம்.

குப்பத்துக்குப் போன காலையில் அதனால் நான் பேசவில்லை. பழவேற்காடு தாண்டி மணல் தொடங்கியதும், குறைந்த கியரில், மொபெட்டில் கருவாட்டு மூட்டை வைத்துப் போனவர்கூட முந்திச் செல்லும் வேகத்தில் போனேன். அவர் திரும்பிப் பார்த்து, "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் மிதிங்க," என்றாள் அவள். "பொணம் எடுத்துனு போற மாதிரி போறீங்க."

மிதித்தேன். பள்ளம் வந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன், வரவேண்டிய உதை வரவில்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்து, தயங்கி, வலப்பக்கம் வந்து நிமிர்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மேல் கம்பியைப் பிடித்திருந்த கையை அவள் எப்போதோ எடுத்து, ஜன்னலில் வைத்து, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் நீலமும் வெள்ளையுமாகப் படகு. பக்கத்தில் அவள் தம்பி, வேட்டியும் ஒரு மாதத் தாடியுமாக. "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டான்; அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யாரையோ திட்டப் போனான். அவள் படகின் மூக்கில் சந்தனம் வைத்தாள். தேங்காய் உடைக்கக் குனிய வேண்டுமே என்று நான் பதறியபோது, அவனே ஒரு கருங்கல்லைத் தூக்கி அவள் இடுப்புயரத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கண்ணைத் தொறந்து போடுக்கா. கை எனக்கு வோணும், வலை இழுக்கணும்."

"இத்தினி நாள் சும்மாதானேடா வச்சிருந்தே?"

ஒரே போடு. தேங்காய் சரிபாதி. பத்துப் பதினைந்து பேர் தோள்கொடுக்க, படகு மணலில் வழுக்கி, தண்ணீரில் இறங்கி, லேசாகத் தலையாட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள், கையை இடுப்பில் ஊன்றாமல்.

மடவை மீன் குழம்போடு சாப்பாடு. திரும்பும்போதுதான் வினை. பன்னிரண்டு வருடமாக அந்தக் குப்பத்துக்கு நாங்கள் வந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாண்டு போகிற உறவுக்காரர்கள் எல்லாரும் ஜீப்பின் பின்னால் ஏறிக்கொள்வது வழக்கம். அன்றும் ஏழு பேர், இரண்டு கோணிப் பை, ஒரு ஐஸ் பெட்டி. ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி பின்பக்கம் தாழ்ந்து, தாழ்ந்து, மட்கார்டு டயரில் போய் உட்கார்ந்தது. நாலடி நகர்த்தினேன். கிறீச்சென்று ரப்பர் கருகும் வாசனை வந்தது.

மனைவி வீட்டாரிடம் முடியாது என்று நான் சொன்னது கிடையாது. இறங்கி, டயரைக் காட்டி, பட்டைகளின் எண்ணிக்கைக்கும் தாங்கும் எடைக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கத் தொடங்கினேன். அனைவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனமாகக் கேட்டார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

"எல்லாம் எறங்குங்க," என்றாள் அவள், முன் சீட்டிலிருந்து, திரும்பாமல்.

"இன்னாக்கா இது? எப்பவும் ஏறுற வண்டிதானே?" என்றான் தம்பி.

"அது அப்போ. இது இப்ப எனக்குன்னு செஞ்சது."

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். "இன்னா மாமா, எங்கக்காவுக்கு வண்டிக்கே மெத்தை தைச்சிட்டியா?"

"ஆமாண்டா, தைச்சாரு. உனக்கு இன்னா பேஜாரு?" என்றாள்.

பின்னால் சிரிப்பு கிளம்பியது. ஒவ்வொருவராக இறங்கினார்கள், இறங்க இறங்க வண்டி விரல்கடை விரல்கடையாக எழுந்தது. "ராணி தேரு போவுது, வழி வுடுங்க," என்றாள் தம்பி பெண்டாட்டி. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் டயரைக் குனிந்து பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை. சீட்டுக்கு வந்து உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினேன்.

"வலி—" என்று ஆரம்பித்தேன்.

"கேக்காதீங்க. கொஞ்சம் வேகமாப் போங்க," என்றாள் அவள், கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி. "மனசு மாறித் தொத்திக்கப் போறானுங்க."